அகன்ற துளையும் தெளிந்த முகமும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஒளிப்படக் கலைக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கக்கூடும். யாப்பும் அணியும் கற்பிக்கும் ஒருவன் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மலையேறுவதைக் கண்டு என் துறை நண்பர்கள் சிலர் நகைத்ததும் உண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் ஒரே பாட்டில் சொல்லிவிட முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்துகொள்வதில்தான் புலவனின் தொழில் தொடங்குகிறது. ஒளிப்படக் கலையும் அதே தேர்வில்தான் பிறக்கிறது. குவியத் தொலைவு மாறாத லென்ஸ் ஒன்றை, அதன் துளையை அகலத் திறந்து கையாளும்போது இந்த உண்மை கண்ணெதிரே வந்து நிற்கும். சேர்வராயன் மலையில் நான் பயின்ற இச்சிறு பாடத்தை மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அந்நிறுவனத்தின் தயாரிப்பாக வெளிவந்தது. அக்காலத்து வண்ணப் படச்சுருள் ஒளிக்கு மந்தமானது. விளக்குகளை வரிசையாக நிறுத்தி, ஒளியைக் கொட்டித்தான் காட்சிகளைப் பதிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் கடந்து மேலேறினால் நிலைமை நேர் எதிர். அங்கே ஒளியைக் கொட்டுவார் எவருமில்லை. கிடைக்கும் சிறிதளவு ஒளியைச் சிந்தாமல் ஏந்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற ஊர் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. காப்பிச் செடி நிழலை விரும்புவது. ஆகவே தோட்டங்கள் எங்கும் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களை நட்டு, அவற்றின்மீது மிளகுக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். மேலே மர நிழல். அதற்கும் மேலே, மார்கழித் திங்களில் மூடுபனி. நண்பகலிலும் அந்தி போலத் தோன்றும் அந்த நிழலில் படம் எடுக்க முனைவோர்க்கு முதலில் எழும் சிக்கல் ஒளிப் பற்றாக்குறையே.

இச்சிக்கல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞரின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. பஸ்ராவில் சுமார் 965-இல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040-இல் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களே அவ்வறிஞர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில் நிறுவியவர். கிரகண வடிவம் பற்றி அவர் எழுதிய தனி ஆய்வு ஒன்றும் உண்டு. பாதி மறைந்த சூரியனின் ஒளியைச் சிறு துளை வழியே இருட்டறைக்குள் விழச்செய்தால் பிறை வடிவம் தெளிவாகத் தெரிகிறது. துளையை அகலமாக்கினால் பிறை கலைந்து வெறும் வட்ட ஒளியாகிவிடுகிறது. துளை சிறுத்தால் தெளிவு மிகும், ஒளி குறையும். துளை பெருத்தால் ஒளி மிகும், தெளிவு கெடும். இந்த இழுபறியைத் தீர்க்கவே பின்னாளில் துளையின் வாயில் லென்ஸ் வந்து அமர்ந்தது.

லென்ஸ் வந்தும் இழுபறி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 1839-இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது இருந்த லென்ஸ்கள் மங்கலானவை. ஒரு முகத்தைப் பதிக்க அமர்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். மறு ஆண்டே, 1840-இல், வியன்னாப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் கணித வழியில் கணக்கிட்டு, எஃப் 3.6 என்னும் அளவுக்குத் துளை அகன்ற லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். அது முன்னைய லென்ஸைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விட்டது. படத்தின் நடுவில் கூர்மை, ஓரங்களில் குழைவு. மனித முகத்துக்கு அதுவே பொருத்தமாக அமைந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தமிழகத்தைச் சுற்றியவர். மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் படங்களோடு, இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுதி ஒன்றையும் 1858-இல் வெளியிட்டார். அவர் காட்டும் கோபுரங்களிலும் கோட்டைகளிலும் கல்லின் ஒவ்வொரு விளிம்பும் துலங்கும். மனிதரைக் காண்பதுதான் அரிது. நீண்ட நேரம் ஒளியை ஏற்க வேண்டிய காகித நெகட்டிவ், நடந்து போகிறவனைப் பதிக்காது. கல் நின்றது, பதிந்தது. மனிதன் நகர்ந்தான், மறைந்தான். எல்லாவற்றையும் தெளிவாகக் காட்ட முயன்ற கருவி, மக்களைத் தவறவிட்டது. அகன்ற துளையின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

இனி என் கையிலுள்ள கருவியைப் பற்றிச் சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் எஃப் 1.8 துளையும் கொண்ட எளிய ப்ரைம் லென்ஸ் அது. பெரும்பாலான நிறுவனங்கள் இவ்வகை லென்ஸைக் குறைந்த விலையிலேயே தருகின்றன. இதில் ஜூம் கிடையாது. உருவம் பெரிதாக வேண்டுமானால் நாம்தான் முன்னே நடக்க வேண்டும். சிறிதாக வேண்டுமானால் பின்னே நகர வேண்டும். வெண்பா எழுதுபவனின் நிலையும் இதுதான். ஈற்றடிக்கு மூன்றே சீர் என்றால் மூன்றே சீர். அடியை நீட்ட இயலாது. சொல்லைத்தான் மாற்ற வேண்டும். கட்டுப்பாடு கடுமையாக இருப்பதால் புலவன் பொருளுக்கு இன்னும் நெருங்கி வருகிறான். ப்ரைம் லென்ஸ் ஏந்துபவனும் அப்படியே.

எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அதே லென்ஸை எஃப் 16-க்குச் சுருக்கினால் விட்டம் 3 மில்லிமீட்டர் அளவுதான். எண் சிறிதானால் வாயில் பெரிது என்று மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். எஃப் 16-இல் நுழையும் ஒளியைப்போல் 64 மடங்கு எஃப் 2-இல் நுழைகிறது. காப்பித் தோட்ட நிழலில் எஃப் 16 ஒரு முழு விநாடியைக் கேட்கும் இடத்தில், எஃப் 2 அறுபதில் ஒரு பங்கு விநாடியில் வேலையை முடித்துவிடும். முக்காலி இன்றிக் கையிலேயே பிடித்து எடுத்துவிடலாம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. துளை அகன்றால் தெளிவின் ஆழம் சுருங்கும். 35 மி.மீ. படச்சட்ட அளவுள்ள கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை எஃப் 1.8-இல் எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 4 சென்டிமீட்டர் மட்டுமே தெளிவாக இருக்கும். கண் தெளிந்தால் காது மங்கும். அரை மீட்டருக்கு நெருங்கினால் அந்த ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். “விலை கொடுத்து வாங்கிய லென்ஸ், படமெல்லாம் மங்கலாக வருகிறதே” என்று வருந்துவோரிடம் பெரும்பாலும் லென்ஸ் பழுதாக இருப்பதில்லை. தெளிவு அங்கேதான் இருக்கிறது. கண்ணில் விழாமல் காதுமடலில் விழுந்திருக்கிறது.

ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இயங்கி வருகிறது. எங்கள் துறை மாணவர்களோடு ஒரு டிசம்பர் இறுதியில் அங்கே சென்றிருந்தேன். விரல் நுனியளவே உள்ள பூவுக்கு முன்னால் மண்டியிட்ட மாணவி ஒருத்தி, “ஐயா, இதழ் தெளிந்தால் நடு மங்குகிறது, நடு தெளிந்தால் இதழ் மங்குகிறது. எதை எடுப்பது?” என்று கேட்டாள். “உன்னை மண்டியிட வைத்தது எது? அதை எடு” என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, பூவை விட்டு, இதழின் விளிம்பில் தொங்கிய பனித்துளியைத் தேர்ந்தாள்.

அன்று மாணவர்களுக்குச் சொன்ன நடைமுறைக் குறிப்புகளை இங்கும் தருவது பயனுடையது. முதலாவது, குவியப் புள்ளியை நடுவில் வைத்துக் கண்ணில் பொருத்திவிட்டு, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைக்கும் பழக்கம் அகன்ற துளைக்கு ஆகாது. ஒரு மீட்டர் தூரத்தில் 15 பாகை திருப்பினால் தெளிவுத் தளம் 3 சென்டிமீட்டருக்கும் மேல் பின்னே போய்விடும். நமக்கு இருப்பதோ பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர். ஆகவே சட்டகத்தை முதலில் அமைத்து, குவியப் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்த வேண்டும். முகம் ஒருபுறம் திரும்பியிருந்தால் நமக்கு அருகிலுள்ள கண்ணே அதற்கு உரியது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பல கண்ணைத் தாமே கண்டறிந்து பற்றிக்கொள்கின்றன. ஆயினும் எந்தக் கண் என்பதைப் பார்த்துக்கொள்வது நம் கடன்.

இரண்டாவது, நம் உடலும் அசைகிறது. மூச்சு வாங்கும்போது தோள் முன்னும் பின்னும் நகர்வதே தெளிவைக் கெடுக்கப் போதும். முழங்கையை விலாவில் ஒட்டி, கால்களை அகற்றி நின்று, மூச்சை மெல்ல விட்ட பின் அழுத்த வேண்டும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்துக்கொள்வது நலம். மூன்றாவது, ஷட்டர் வேகம். கை நடுக்கத்துக்கு அறுபதில் ஒரு பங்கு விநாடி போதுமானாலும், பேசும் மனிதருக்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது வேண்டும். நான்காவது, ஒளி சற்றுத் தாராளமாக இருந்தால் துளையை எஃப் 2.8 வரை சுருக்கலாம். லென்ஸின் ஓரங்கள் வழியே வரும் கதிர்கள் நடுக் கதிர்களோடு ஒரே புள்ளியில் சேராமையால் முழுத் துளையில் மெல்லிய மயக்கம் தோன்றும்; சற்றுச் சுருக்கினால் அது விலகும். தெளிவின் ஆழமும் 4 சென்டிமீட்டரிலிருந்து 6 ஆக உயரும். ஐந்தாவது, மூடுபனியில் தொலைவிலுள்ள பொருள் வெளுத்துத் தோன்றுவது லென்ஸின் குறை ஆகாது. இடையில் நிற்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நெருங்கிச் செல்வதே மருந்து.

அந்தப் பயணத்தில் எங்களோடு வந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அம்மலையிலேயே பிறந்தவர். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தவர். தம் வீட்டில் கல்லூரியில் கால்வைத்த முதல் ஆள். மாலையில் தயங்கியபடி என்னிடம் வந்தார்.

“ஐயா, எங்க ஊர் பக்கத்துலதான் இருக்குதுங்க. பாட்டிய ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? அட்டையில இருக்குற படத்துல அது மொகமே தெரியாதுங்க.”

சென்றோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பாட்டி தோட்ட வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி வந்து திண்ணையில் அமர்ந்தார். பனி இறங்கி ஒளி மங்கிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, எஃப் 1.8, நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடி என்று அமைத்து, அருகிலிருந்த கண்ணில் குவியப் புள்ளியை வைத்து எடுத்தேன். கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்மணியில் எதிர் மலையின் வெளிச்சமும், கடைக்கண்ணின் சுருக்கங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பின்னணி முழுதும் நீல நிறப் புகைபோலக் கரைந்திருந்தது. மாணவர்கள் வியந்தார்கள்.

பாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “எம் மொகம் நல்லாத்தான் இருக்குது. ஊடு எங்க சாமி? காணமே!”

அந்த நீலப் புகைதான் வீடு என்று பேரன் விளக்கினார். பாட்டிக்கு மனம் நிறையவில்லை. அந்தச் சுவருக்கு அவர் கல் சுமந்திருக்கிறார். அந்த நீலக் கதவு கீழிருந்து தலைச்சுமையாக வந்தது. தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துப் பிடித்து, கணவர் மறைந்த பின் தனி ஆளாக நின்று கட்டி முடித்த வீடு. “நா மட்டும் இருந்தா அது யாரோ ஒரு கெழவி. ஊட்டோட இருந்தாத்தான் நானு” என்றார்.

மூன்று மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினேன். துளையை எஃப் 8-க்குச் சுருக்கினேன். அந்தத் தூரத்தில், அந்தத் துளையில், சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். பாட்டியும், அவருக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்த சுவரும், கதவும், கதவின் தாழும் அதற்குள் அடங்கின. ஒளியோ இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. ஷட்டர் ஆறில் ஒரு பங்கு விநாடி திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து எடுக்க இயலாது. நெல் குத்தும் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கேமராவை நிறுத்தினோம். “பாட்டி, கொஞ்சம் அசையாம இருங்க” என்றார் பேரன். “நா எங்க சாமி அசையப் போறன்” என்று சொல்லிவிட்டுக் கல்போல் அமர்ந்தார். அந்தப் படமே இன்று அவ்வீட்டின் சுவரில் தொங்குகிறது. முகப்படத்தைப் பேரன் தம் விடுதி அறையில் வைத்திருக்கிறார்.

கீழே இறங்கும் வழியெல்லாம் எனக்கு எங்கள் நன்னியின் நினைவு. படம் பிடித்துக்கொள்வதில் எங்கள் குடும்பத்துப் பெரியோர் பேணுதலாக ஒதுங்கியே இருந்தவர்கள். ஹஜ்ஜுக்காகக் கடவுச்சீட்டு எடுக்க நேர்ந்தபோதுதான் நன்னியின் முகம் முதன்முறையாகத் தாளில் பதிந்தது. வெள்ளைத் துணிக்கு முன்னால் முகம் மட்டும். அந்தப் படத்தில் அவர் விடியலில் குர்ஆன் ஓத அமரும் முற்றத்து ஓரம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு நோன்புக் கஞ்சி ஊற்றித் தரும் அந்தப் பித்தளைச் செம்பு இல்லை. அரசு அலுவலகத்துக்கு அது போதும். எங்களுக்கு அது பாதி நன்னி.

தமிழ் இலக்கணம் இதனை முன்பே வகுத்து வைத்திருக்கிறது. அகப்பாட்டுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றினைத் தொல்காப்பியர் கூறினார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் பறவையும் தொழிலும் கரு. மனித உணர்வே உரி. சிறந்த குறுந்தொகைப் பாட்டில் உரிப்பொருள் கண்மணிபோல் துலங்கும். நிலமும் பொழுதும் பின்னே மங்கி நின்றாலும் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. குறிஞ்சியின் மஞ்சும் யாமமும் இல்லாமல் தலைவியின் தனிமைக்கு உருவம் ஏது? அகன்ற துளை உரிப்பொருளைத் தனியே எடுத்துக் காட்டும் கருவி. சிறிய துளை முதலும் கருவும் உடனிருக்க வேண்டும் என்னும்போது பயன்படும் கருவி. எந்தத் துளை எப்போது என்பதைப் பொருளே சொல்ல வேண்டும்.

இன்று கைப்பேசிகளும் பின்னணியை மங்கலாக்கித் தருகின்றன. அவற்றின் லென்ஸும் உணரியும் மிகச் சிறியவை. ஆகவே அந்த மங்கல் பெரும்பாலும் கணக்கீட்டால் உண்டாக்கப்படுவது. எது முகம், எது பின்னணி என்று மென்பொருள் பிரித்து, பிந்தியதை அழிக்கிறது. முந்தானையின் ஓரத்தையும் காற்றில் பறக்கும் முடியையும் சில வேளைகளில் அது பின்னணி என்று எண்ணி அழித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முடிவெடுக்கும் பொறுப்பைக் கருவியிடம் விட்டால் இப்படித்தான் நேரும். ஒருவர் தம் முகத்தை நம் கருவிக்குள் அனுமதிப்பது நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அதனைப் பேணுவதற்குக் குவியம் பற்றிய அறிவும் வேண்டும். கேட்கும் பணிவும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை, அவர் இசைந்தால், ஒரு படம் எடுங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, கிடைத்ததே போதும். அருகிலுள்ள கண்ணில் தெளிவு விழட்டும், கை அசையாதிருக்கட்டும். துளையை அகலத் திறப்பதா சுருக்குவதா என்று முடிவு செய்யும் முன்பு மட்டும் அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “உங்களோடு சேர்ந்து இதில் வேறு என்ன தெரிய வேண்டும்?”